காணாமல் போன பதினான்கு புள்ளி ஐந்து நான்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எந்தப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைக்கலாம். புத்தகம் அகப்படவில்லை என்றால் தொழிற்சாலைச் சட்டத்தின் மேலாவது வைக்கலாம். பார்த்தவர்கள் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, மூன்று படிகளில் தட்டச்சு செய்த கூட்டக் குறிப்பும் இருக்கிறது.

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எடைச் சதவீதத்தை மோல் பின்னமாக மாற்றக் கற்றுக்கொண்டது. முதல் இரண்டுக்கும் யாரும் விசாரணைக் குழு அமைத்ததாகச் சரித்திரத்தில் குறிப்பில்லை. மூன்றாவதற்கு அமைத்தார்கள். அந்தப் பெருமை ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையைச் சேரும்.

அங்கே கண்ணாடிபோல மினுங்கும் பிளாஸ்டிக் குருணை செய்தார்கள். மிக்ஸி ஜாடி, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் தட்டு, சீப்பு, பல்துலக்கியின் கைப்பிடி எல்லாம் அந்தக் குருணையை உருக்கித்தான் பிறந்தன. குருணைக்கு இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று ஸ்டைரீன்; மற்றது அக்ரிலோநைட்ரைல். இரண்டின் மூலக்கூறுகளும் உலைக்குள் கைகோத்து நீளமான சங்கிலியாகிவிடும். இப்படி இரண்டு இனம் கலந்து கோத்த சங்கிலிக்குக் கோபாலிமர் என்று பெயர். அக்ரிலோநைட்ரைல் என்று சொல்லி முடிப்பதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும் என்பதால் தொழிலாளர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஸ்டைரீன் மூலக்கூறு கனத்த சரீரம், எடை 104, அது அண்ணன். மற்றது ஒல்லி, எடை 53; அது தம்பி.

எடையில் எழுபத்தைந்து பங்கு அண்ணன், இருபத்தைந்து பங்கு தம்பி. இது செய்முறைத் தாளில் அச்சடிக்கப்பட்டு, பொது மேலாளரின் கையெழுத்தோடு, சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. சட்டம் போட்டு மாட்டிய பிறகு அதைப் பற்றி யார் என்ன பேச முடியும்?

ஆய்வகத்தின் ஏக சக்கரவர்த்தினி ஒரு நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. 'தசம அக்கா' என்று அவளை அழைத்தார்கள். எதைக் கேட்டாலும் நான்கு தசமத்துக்குக் குறையாமல் பதில் சொல்லுவாள். "டீ எவ்வளவு இருக்கு அக்கா?" என்றால், "முக்கால் டம்ளர்" என்று சொல்ல வாய் வராது. பதினெட்டு வருடமாக அவள் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டைகூட கேட்டைத் தாண்டியதில்லை. லாரி ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் பேனாவுக்கு மூடி கழற்றும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள். அந்தச் சத்தத்துக்காகவே அவள் வேலைக்கு வந்தாள் என்றும் சொல்லலாம்.

வினை ஒரு வாடிக்கையாளர் ரூபத்தில் வந்தது. சான்றிதழில் எடைச் சதவீதம் வேண்டாம், மோல் பின்னம்தான் வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். அதாவது, சங்கிலியில் அண்ணன் எத்தனை கிலோ, தம்பி எத்தனை கிலோ என்பதை விட்டுவிட்டு, அண்ணன்மார் எத்தனை பேர், தம்பிமார் எத்தனை பேர் என்று தலையை எண்ணிச் சொல்ல வேண்டும். தசம அக்காவுக்கு இது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். எழுபத்தைந்தை 104 ஆல் வகுத்தாள். இருபத்தைந்தை 53 ஆல் வகுத்தாள். இரண்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் ஒவ்வொன்றையும் மறுபடி வகுத்தாள். அண்ணன் 0.6046, தம்பி 0.3954. பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

சான்றிதழின் நகல் நிர்வாக மேலாளரின் மேசைக்குப் போயிற்று. நிர்வாக மேலாளர் வேதியியல் படித்தவரல்ல. அதைவிட மேலானவர், கழித்தல் தெரிந்தவர். தாளில் எழுபத்தைந்து. சான்றிதழில் அறுபது. எழுபத்தைந்திலிருந்து அறுபது போனால் பதினைந்து.

"பதினஞ்சு சதவீதம் ஸ்டைரீனைக் காணோம்!" என்று கூவிக்கொண்டு அவர் பொது மேலாளரின் அறைக்குள் ஓடினார். அந்தத் தொழிற்சாலையில் அவர் ஓடியதை அன்றுதான் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் 'பதினைந்து சதவீத ஸ்டைரீன் மாயமானது குறித்த உண்மை அறியும் குழு' அமைக்கப்பட்டது. இரண்டு மணி நேரத்தில் கேட்டில் காவல் பலப்படுத்தப்பட்டது. மாலையில் தசம அக்கா வெளியே போனபோது காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"பைல என்னக்கா?"

"சாப்பாட்டு டப்பா."

"எத்தனை சதவீதம்?"

"காலி டப்பாய்யா. நூறு சதவீதம் காலி."

"நூறு சதவீதம்னா பரவாயில்ல. மேலிடத்துல பதினஞ்சைத்தான் தேடச் சொல்லியிருக்காங்க. போங்க."

பாதி சாப்பிட்ட டப்பாவோடு வந்த ஒரு ஃபிட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலையில் நூறாக உள்ளே போனது மாலையில் ஐம்பதாக வெளியே வருவது எப்படி என்று எழுத்து மூலம் விளக்கம் கொடுத்துவிட்டுத்தான் அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

குழுவின் முதல் அமர்வு மறுநாள் மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் நடந்தது. ஐந்து உறுப்பினர்கள். தலைவர், பொது மேலாளர். துணைத் தலைவர், நிர்வாக மேலாளர். இருவரும் நாற்காலியை நிறைத்து, மிச்சத்தை இருபுறமும் வழியவிட்டு உட்காரும் தேக அமைப்பு. எதிர்ப்பக்கம் பண்டகக் காப்பாளர், தட்டச்சுப் பெண், சங்கச் செயலாளர். மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடம் மிஞ்சும். தசம அக்கா நின்றுகொண்டிருந்தாள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் அங்கே இல்லை.

"சொல்லுங்கம்மா," என்றார் பொது மேலாளர் பரிவோடு. "பதினஞ்சு சதவீதம் எங்கே?"

"பதினஞ்சு இல்ல சார். பதினாலு புள்ளி அஞ்சு நாலு."

நிர்வாக மேலாளர் மேசையைத் தட்டினார். "குறிச்சுக்கோங்க! இவ்வளவு துல்லியமா யாருக்குத் தெரியும்? எடுத்தவங்களுக்குத்தான் தெரியும்."

தட்டச்சுப் பெண் குறித்துக்கொண்டாள்.

தசம அக்கா சளைக்கவில்லை. வெள்ளைப் பலகைக்குப் போய், வகுத்ததையும் கூட்டியதையும் மறுபடி வகுத்ததையும் வரிவரியாக எழுதிக் காட்டினாள். குழு அதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பொது மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"இங்க வகுத்திருக்கீங்களே, நூத்திநாலால. யாரைக் கேட்டு வகுத்தீங்க?"

"யாரையும் கேக்கல சார். வகுக்கணும்."

"கம்பெனிப் பொருளை வகுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை மேலிடத்துல கேக்க வேண்டாமாம்மா? கூட்டினீங்கன்னா கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்போது சங்கச் செயலாளர் எழுந்தார். தொழிலாளர் தரப்பில் ஒரு கருத்தைப் பதிவு செய்ய வேண்டியது அவர் கடமை. "அக்கா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒருத்தனை நூத்திநாலால வகுக்கறதும், இன்னொருத்தனை அம்பத்திமூணால வகுக்கறதும் பாரபட்சம். எல்லாரையும் ஒரே எண்ணால வகுக்கணும். சங்கத்தோட நிலைப்பாடு இதுதான்."

"நியாயம்," என்றார் பண்டகக் காப்பாளர்.

உடனே இரண்டு எண்களுக்கும் சராசரி பார்த்து, 78.5 என்ற பொது எண்ணால் இரண்டையும் வகுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. தசம அக்காவே வகுக்கும்படி பணிக்கப்பட்டாள். வகுத்தாள். எழுபத்தைந்தும் இருபத்தைந்தும் ஒரு நூல் பிசகாமல் திரும்பி வந்தன. ஒரே எண்ணால் வகுத்தால் வேறு என்ன வரும்?

அறையில் கைத்தட்டல் எழுந்தது. பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுபத்தஞ்சு! பாருங்க, மொத்தமும் திரும்பக் கிடைச்சிருச்சு. நியாயமா வகுத்தா பொருள் எங்கேயும் போகாது."

"அப்ப இது வரைக்கும் யாரு வெச்சிருந்தாங்கன்னு கேள்வி வருது," என்றார் நிர்வாக மேலாளர், கைத்தட்டல் அடங்கிய பிறகு.

எல்லோரும் தசம அக்காவைப் பார்த்தார்கள். அடுத்த அமர்வில் திருப்திகரமான விளக்கம் தராவிட்டால் கையெழுத்து அதிகாரம் பறிக்கப்படும், ஆய்வகச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற ஓலை அவள் கையில் கொடுக்கப்பட்டது. மூன்று படிகளிலும் அவளே கையெழுத்திட வேண்டியிருந்தது. கடைசிக் கையெழுத்தாக இருக்குமோ என்று நினைத்தபோது பேனாவின் மூடி விரலில் வழுக்கியது.

சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் கையில் ஒட்டிய கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். உலகத்தில் மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் ஒரே மாதிரி பார்த்துப் பழகியவன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என்னங்க, சாவியை வாங்கிட்டாங்கன்னா நான் என்னங்க பண்றது? வீட்டுல உக்காந்து எதுக்குக் கையெழுத்துப் போடுவேன்?"

"பால்காரருக்குப் போடு. இப்ப நான்தானே போடறேன்." அவன் தலையை ஆட்டிச் சிரித்தான். "சரி, மொறைக்காத. உங்க ஆஃபீஸ் லிஃப்டுக்குள்ள தகடு இருக்கே, பாத்திருக்கியா? ஆறு பேர், நானூத்தியெட்டு கிலோன்னு ரெண்டும் போட்டிருக்கும். ஏன் ரெண்டும் போடறாங்க? ஏறுறவன் தலையை எண்ணுவான். லிஃப்ட் எடையை எண்ணும். உங்க பொது மேலாளரும் அந்த நிர்வாகமும் இன்னும் ரெண்டு தடிமனானவங்களும் ஏறினா, தலைக்கணக்கு நாலுதான். ஆனா லிஃப்ட் கீ கீன்னு கத்தும். நானே போயி ரெண்டு தடவை ரிப்பேர் பாத்திருக்கேன். ரிப்பேர் ஒண்ணுமே இல்ல."

தசம அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"அவங்களையே எடை போட்ரும்மா," என்றான் அவன், நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே.

இரண்டாவது அமர்வைக் குற்றம் சாட்டப்பட்டவளின் வேண்டுகோளுக்கிணங்க மூட்டைகள் நிறுக்கும் எடைமேடைக்கு அருகில் கூட்டினார்கள். 'செயல்முறை விளக்கம்' என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அப்படி எழுதிக் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்று அந்த வருடம்தான் தரக் கையேட்டில் சேர்த்திருந்தார்கள். நாற்காலிகள் கீழே வந்தன. தண்ணீர்ப் புட்டிகளும் வந்தன.

"ஒவ்வொருத்தரா மேடை மேல ஏறணும் சார்."

"நானுமா?" என்றார் பொது மேலாளர்.

"குழுன்னா முழுக் குழு சார்."

அவர் ஏறினார். முள் 104 இல் நின்றது. நிர்வாக மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார். அப்படியும் 104. பண்டகக் காப்பாளர் 53. தட்டச்சுப் பெண் 53. சங்கச் செயலாளர், சட்டைப் பையில் கோரிக்கை மனுக்களோடு சேர்த்து, 53. நம்ப முடியவில்லை என்று யாராவது சொன்னால் எடைமேடைச் சீட்டு ஐந்தும் கோப்பில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தசம அக்கா பலகையில் எழுதினாள். "ரெண்டு சாரும் சேந்து இருநூத்தியெட்டு கிலோ. இவங்க மூணு பேரும் சேந்து நூத்தி அம்பத்தொம்பது. எடைப்படி பாத்தா குழுவுல சாருங்க ரெண்டு பேரும் அம்பத்தாறு புள்ளி ஆறு எட்டு சதவீதம். தலையை எண்ணினா அஞ்சுல ரெண்டு, நாப்பது சதவீதம். பதினாறு சதவீதத்துக்கு மேல குறையுது. சார் எங்கேயாவது காணாமப் போயிட்டீங்களா?"

பொது மேலாளர் தன்னைத் தானே ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தது.

"அதேதான் சார் அங்கயும். அண்ணன் குண்டு. எடையா கேட்டா எழுபத்தஞ்சு. ஆளா எண்ணினா அறுபது. யாரும் எதையும் தூக்கிட்டுப் போகல."

"அட, அப்ப தலைக்கணக்குல நாங்க மூணு பேரும் அறுபதா?" என்றாள் தட்டச்சுப் பெண். குறிப்பெடுக்க வேண்டியவள் குறிப்பில் இல்லாததைப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க அறுபதுதாம்மா," என்றாள் தசம அக்கா.

மெலிந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நிர்வாக மேலாளருக்கு இந்த வேதியியல் பிடிக்கவில்லை. "இதெல்லாம் நீட்டிக்கிட்டே போக வேண்டாம். கையெழுத்து அதிகாரத்தைப் பறிக்கலாமா கூடாதா, ஓட்டுக்கு விட்ருவோம்."

ஓட்டுக்கு விட்டார்கள். பறிக்கலாம் என்று இரண்டு கனத்த கைகள் உயர்ந்தன. கூடாது என்று மூன்று மெல்லிய கைகள் உயர்ந்தன. பண்டகக் காப்பாளரின் கை காதளவுதான் எழுந்தது, ஆனாலும் இறங்கவில்லை. "அக்கா கணக்கு சரியாத்தான் படுது," என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

தசம அக்கா மூச்சு விட்டாள். அப்போதுதான் பொது மேலாளரின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. முப்பது வருட உத்தியோகத்தில் ஒரு விஷயம் அவருக்கு முழுசாகப் புரிந்த நேரம் அது.

"இருங்க, இருங்க. தலையை எண்ணணும்னு யாரு சொன்னது? எடையும் ஒரு கணக்குன்னு அம்மாவே இப்ப நிரூபிச்சாங்களே. இந்தக் குழுவுல எடைப்படி ஓட்டு. அம்பத்தாறு புள்ளி ஆறு எட்டுக்கு நாப்பத்திமூணு புள்ளி மூணு ரெண்டு. தீர்மானம் நிறைவேறுது. சாவியக் குடுங்கம்மா."

நிர்வாக மேலாளர் கைத்தட்டினார். தசம அக்கா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றினாள். பாடம் நன்றாக நடத்தியதற்குக் கிடைத்த பலன்! பிறகு மெதுவாக, தசமப் புள்ளி வைப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்.

"சரி சார். எடைப்படின்னு எழுதிக்கலாம். ஒரே ஒரு சந்தேகம். எடைப்படி எண்ணினா ஒரு முடிவு, தலைப்படி எண்ணினா வேற முடிவுன்னு குழு ஏத்துக்குதா?"

"தாராளமா. கண்ணால பாத்தோமே."

"ரெண்டும் வேற வேறயாத்தான் வரும்?"

"வராம? ஒண்ணுல நான் ஜெயிக்கறேன், ஒண்ணுல தோக்கறேன்."

"அப்ப எழுபத்தஞ்சும் அறுபதும் வேற வேறயா வந்ததுல தப்பில்ல. பொருள் காணாமப் போகல. காணாமப் போகலன்னா குத்தமில்ல. குத்தமில்லன்னா எதுக்கு சார் ஓட்டு?"

எடைமேடையின் முள்கூட அசையவில்லை.

"அதெல்லாம் இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்!" என்று குறுக்கே பாய்ந்தார் நிர்வாக மேலாளர்.

"ஒண்ணுதான்னா தலையை எண்ணுங்க சார்," என்றார் சங்கச் செயலாளர் இனிமையாக. "மூணுக்கு ரெண்டு."

குழு டீக்காகக் கலைந்தது. டீக்குப் பிறகு பொது மேலாளர், இந்த உண்மை தமக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றும், ஊழியர்களின் அறிவியல் ஆர்வத்தைத் தூண்டவே விசாரணை நடத்தப்பட்டது என்றும் அறிவித்தார். தட்டச்சுப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள். தசம அக்காவுக்கு 'முதுநிலை மாற்றல் அதிகாரி' என்ற பட்டம் கிடைத்தது, சாவி அவளிடமே இருந்தது, பேனாவும் இருந்தது. இனி எல்லாச் சான்றிதழிலும் எடைச் சதவீதம், மோல் பின்னம் இரண்டும் அச்சாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெற்றியின் நினைவாக அண்ணனையும் தம்பியையும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வரவேற்பறையில் வைக்கவும் முடிவு செய்தார்கள்.

"தம்பி விஷம் சார். மூடி இறுக்கமா இருக்கணும்," என்றாள் அவள்.

"அதுக்குத்தாம்மா நீங்க இருக்கீங்க. நீங்களே போயி புடிச்சுட்டு வாங்க."

ஆய்வகத்திலிருந்து தொட்டிகள் இருக்கும் இடம் நூற்றிருபது அடி. பதினெட்டு வருடத்தில் அவள் அந்த நூற்றிருபது அடியை நடந்ததில்லை. சுவரில் தாள் இருக்கும்போது நடப்பானேன்? இரண்டு குப்பிகளை ஏந்திக்கொண்டு, நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, ஜெயித்தவளின் நடையில் போனாள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் ஒரு காலிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கும்பிட்டார். அண்ணன் தொட்டியின் குழாயைத் திருகினார். முதல் குப்பி நிறைந்தது.

"தம்பி?" என்றாள்.

"தம்பியா? அது தீந்து பத்து மாசம் ஆச்சேக்கா."

"பத்து மாசமா? சொல்லலையா யார்கிட்டயும்?"

"ஆபீசுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேனே. பம்பு ஓடுதான்னு கேட்டாங்க. ஓடுதுன்னேன். அப்புறம் என்னய்யான்னு ஃபோனை வெச்சுட்டாங்க. நல்லாத்தான் ஓடுது, காத்து வருது."

"குருணை?"

"அதுவும் வருது. முன்னைக்கு இப்ப கொஞ்சம் சீக்கிரம் பொட்டுனு உடையுது, அவ்வளவுதான். ஜாடி வாங்கறவங்க கைதவறிப் போட்டுட்டதா நெனச்சுக்குவாங்க."

தசம அக்கா காலிக் குப்பியின் மூடியைத் திருகி மூடினாள். பத்து மாதத்தில் எத்தனை சான்றிதழ் என்று மனம் தானாகவே பெருக்க ஆரம்பித்தது, பாதியில் நிறுத்திக்கொண்டது. சொன்னால் இன்னொரு குழு வரும். இந்தத் தடவை காணாமல் போனது இருபத்தைந்து. வகுத்துக் காட்டி மீட்க முடியாத இருபத்தைந்து. பிறகு அவள் ஆய்வகத்துக்குத் திரும்பி, கை கழுவும் தண்ணீர்க் குழாயைத் திறந்து, இரண்டாவது குப்பியை அதில் பிடித்து, மூடியை இறுக்கினாள். விவரச்சீட்டில் அழகான கையெழுத்தில் 0.3954 என்று எழுதி ஒட்டினாள்.

வரவேற்பறையில் பொது மேலாளர் குப்பிகளை உற்றுப் பார்த்தார். "தம்பி பாக்கறதுக்குத் தண்ணி மாதிரியே இருக்காரே!"

"ஆமா சார்."

"இயற்கையோட அதிசயம்," என்றார் நிர்வாக மேலாளர்.

அன்று மாலை ஒன்பது டன் குருணை கேட்டைத் தாண்டிப் போயிற்று. லாரி ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்டது. சான்றிதழில் எடைச் சதவீதம் இருந்தது, மோல் பின்னம் இருந்தது, நான்கு தசமம் வரை ஒரு பிசகும் இல்லை, கீழே முதுநிலை மாற்றல் அதிகாரியின் கையெழுத்து. மூட்டைகளில் அண்ணன் மட்டும் இருந்தார்: எடையில் நூறு, எண்ணிக்கையிலும் நூறு.